கலிஃபோர்னியாவில் பள்ளிக் கட்டடங்களுக்கான வாக்கெடுப்புப் பத்திரம்: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அக்டோபரில் கவுண்ட்டியிலிருந்து வரும் சொத்து வரி பில்லில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பதுதான் நம்மில் பலருக்கும் வழக்கம். இந்த முறை நடுப்பகுதியையும் படியுங்கள். ஒரு சதவீத அடிப்படை வரிக்குக் கீழே, வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன்கள் என்று சில வரிகள் இருக்கும். அவற்றில் உங்கள் பள்ளி மாவட்டத்தின் (உங்கள் பகுதிப் பொதுப்பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்; இங்கே மாவட்டம் என்பதெல்லாம் இதுதான்) பெயர், ஏதோ ஓர் ஆண்டு, தசமத்தில் ஒரு விகிதம், கடைசியில் நூறோ இருநூறோ டாலர். உங்கள் பிள்ளை படிக்கும் வகுப்பறையின் கூரை, ஏசி, அறிவியல் கூடம் ஆகியவை பெரும்பாலும் அந்த வரிகளிலிருந்து வந்தவை.

ஆசிரியர் சம்பளம், பாடப்புத்தகம் போன்ற அன்றாடச் செலவுக்குப் பள்ளி மாவட்டங்களுக்கு மாநிலச் சூத்திரப்படி பணம் வருகிறது. கட்டடம் கட்டுவதும் பெரிய அளவில் புதுப்பிப்பதும் அந்தப் பணத்தில் முடியாது. ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு, தங்கள் சொத்து வரியை ஈடாக வைத்துக் கடன் வாங்க வேண்டும். அந்தக் கடன் பத்திரத்தைத்தான் ஸ்கூல் பாண்ட் என்கிறார்கள். இந்தியாவில் பள்ளிக் கட்டடம் என்றால் பொதுப்பணித் துறையையும் எம்.எல்.ஏ. நிதியையும் நினைத்துப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு புதிது. அதனால் நம்மவர்களில் பலர் வரி கட்டுகிறார்கள், பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், ஆனால் முடிவெடுக்கும் கூட்டங்களில் இருப்பதில்லை. இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வாக்குப்பதிவு ஒரு நாளில் முடிந்துவிடும். அதற்கு ஓராண்டுக்கு முன் எழுதப்படும் வேலைப் பட்டியலும், அதன்பின் பல ஆண்டுகள் நடக்க வேண்டிய கண்காணிப்பும்தான் பணம் எங்கே போகிறது என்பதைத் தீர்மானிக்கின்றன.

முதலில் சட்டம்: 13, 46, 39

1978இல் ப்ராப் 13 வந்தது. ப்ராப் என்பது மாநில வாக்காளர்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் முன்மொழிவு, ப்ரொபொசிஷன் என்பதன் சுருக்கம். சொத்து வரி, வரி மதிப்பில் ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வீடு கைமாறாதவரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறவும் கூடாது. பள்ளிகள் உள்ளூரில் கடன் வாங்கும் வழி அதோடு அடைபட்டது. 1986இல் ப்ராப் 46 அந்த வழியைத் திறந்தது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். நூற்றுக்கு 64 பேர் ஆதரித்தும் பத்திரங்கள் தோற்ற ஊர்கள் இருந்தன. 2000 மார்ச்சில் எளிய பெரும்பான்மை போதும் என்ற முன்மொழிவு தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் ப்ராப் 39 வென்று, வரம்பு 55 சதவீதமாக இறங்கியது.

வரம்பைக் குறைத்ததற்கு ஈடாகச் சில கட்டுப்பாடுகளை ப்ராப் 39 ஏற்றது. இந்த வழிகாட்டியின் பாதி அவற்றைச் சுற்றித்தான்: எந்தெந்தப் பள்ளியில் என்ன வேலை என்ற பட்டியல் வாக்காளருக்குத் தெரிய வேண்டும், ஆசிரியர், நிர்வாகிகளின் சம்பளத்துக்கோ அன்றாட நடைமுறைச் செலவுக்கோ பணத்தைத் தொடக்கூடாது, ஆண்டுதோறும் நிதித் தணிக்கையும் செயல்பாட்டுத் தணிக்கையும் நடக்க வேண்டும், குடிமக்கள் மேற்பார்வைக் குழு ஒன்று இருக்க வேண்டும். வரி விகிதத்துக்கும் உச்சவரம்பு உண்டு. மழலை முதல் பன்னிரண்டு வரை ஒரே நிர்வாகத்தில் நடத்தும் யூனிஃபைடு மாவட்டம் என்றால், ஒரு லட்சம் டாலர் வரி மதிப்புக்கு ஆண்டுக்கு 60 டாலர். தொடக்கப்பள்ளி மாவட்டமோ உயர்நிலைப்பள்ளி மாவட்டமோ தனியாக இருந்தால் 30. சமுதாயக் கல்லூரி மாவட்டத்துக்கு 25.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. இந்த வரம்பு ஒவ்வொரு தேர்தலுக்கும் தனித்தனி. பழைய பத்திரத்தின் வரியும் புதியதன் வரியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இரண்டாவது, பத்திரம் வெளியிடும் நேரத்து மதிப்பீட்டின்படிதான் வரம்பு பார்க்கப்படுகிறது. பிற்பாடு ஊரின் சொத்து மதிப்பு சரிந்தால் விகிதம் கூடலாம். கடன் கொடுத்தவருக்குத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்பதால் அதை யாராலும் தடுக்க முடியாது.

படி 1: பத்திரமா, பார்சல் வரியா?

கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் குழப்பம் இது. பார்சல் வரி என்பது ஒவ்வொரு மனைக்கும் வழக்கமாக ஒரே தொகையாகப் போடப்படும் வரி. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அந்தப் பணத்தில் ஆசிரியரை வைக்கலாம், நூலகரை வைக்கலாம், இசை வகுப்பு நடத்தலாம். மூத்த குடிமக்களுக்கு விலக்குத் தரவும் வழி உண்டு. பத்திரம் கட்டடத்துக்கும் நிலத்துக்கும் தளவாடங்களுக்கும் மட்டும். அதில் மூத்தவர்களுக்கு விலக்குக் கிடையாது.

ஆசிரியர் பற்றாக்குறை இருக்கும் ஊரில் பத்திரம் கொண்டுவந்து, வகுப்பறையில் ஆள் எண்ணிக்கை குறையும் என்று யாராவது பேசினால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். அந்தப் பணம் அதற்குப் போக முடியாது. பிறகு மக்கள் ஏமாந்ததாக உணர்வார்கள், அடுத்த வாக்கெடுப்பில் அதன் விலை தெரியும்.

படி 2: கட்டடத்தை நடந்து பாருங்கள்

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இங்கேதான். மாவட்டம் கட்டடக் கலைஞரை அமர்த்தி ஒவ்வொரு பள்ளியையும் ஆய்வு செய்து, வசதிகளுக்கான பெருந்திட்டம் ஒன்றை எழுதும். அதை ஃபெசிலிட்டீஸ் மாஸ்டர் பிளான் என்பார்கள். நல்ல மாவட்டங்களில் இது தேர்தலுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு முன்பே தொடங்கிவிடும். அதற்கான பொதுக் கூட்டங்களுக்கு மிகக் குறைந்த பெற்றோர்தான் வருகிறார்கள். வருகிறவர்களின் பள்ளி பட்டியலில் மேலே ஏறுவது இயல்பு.

போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் பொறுப்பறிக்கை ஒன்று வெளியிட வேண்டும், எஸ்.ஏ.ஆர்.சி. என்று பள்ளித் தளத்தில் இருக்கும். அதில் கட்டட நிலை பற்றி ஒரு பகுதி உண்டு: கழிவுநீர், மின்சாரம், கூரை, காற்றோட்டம், கழிப்பறை என்று வகை பிரித்து நல்லது, சுமார், மோசம் எனக் குறித்திருப்பார்கள். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளின் கட்டட நிலையையும் புத்தகப் பற்றாக்குறையையும் எதிர்த்து 2000இல் தொடரப்பட்ட வில்லியம்ஸ் வழக்கு 2004இல் சமரசத்தில் முடிந்தது. கட்டடம் நல்ல நிலையில் இருப்பதற்கான அளவுகோல் அந்தச் சமரசத்தில் வந்தது. அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பள்ளியைச் சுற்றுங்கள்.

விளையாட்டுத் திடலின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் போர்ட்டபிள் வகுப்பறைகளிலிருந்து தொடங்கலாம். தற்காலிகம் என்று கொண்டுவந்து இறக்கி இருபது, முப்பது ஆண்டு ஓடியவை நிறைய இருக்கின்றன. ஏறும் சரிவுப்பாதையின் இரும்புத் தகடு துருப்பிடித்திருக்கிறதா, நடந்தால் சத்தம் போடுகிறதா? உள்ளே போனதும் மேல்தட்டின் சதுரப் பலகைகளில் பழுப்பு வளையம் தெரிகிறதா? தெரிந்தால் மழைக்காலத்தில் அங்கே வாளி வைக்கிறார்கள் என்று பொருள். சுவரில் தொங்கும் ஏசி இரைச்சலில் ஆசிரியர் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? பிள்ளைகள் எத்தனை பேர் ஒரே நேரத்தில் லேப்டாப் சார்ஜ் போடலாம்? கழிப்பறை எவ்வளவு தூரம்? பள்ளியைச் சுத்தம் செய்து பராமரிக்கும் ஊழியரைக் கேளுங்கள், கஸ்டோடியன் என்பவர். எந்தக் குழாய் எந்த மாதத்தில் வெடிக்கும் என்று ஆய்வறிக்கையைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத வேலைகளையும் கேட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மண்ணுக்கடியில் கிடக்கும் கழிவுநீர்க் குழாய், மின் இணைப்புப் பெட்டி, தீ எச்சரிக்கை அமைப்பு, நிலநடுக்கத் தாங்குதிறன். இவற்றுக்கு ரிப்பன் வெட்டும் விழா கிடையாது, வரைபடத்தில் அழகாகவும் இருக்காது. அதனால் நீச்சல் குளமும் புல்தரையும் முன்னே வந்து இவை பின்னே தள்ளப்படும். பெற்றோர் பேச வேண்டியது இவற்றுக்காக.

படி 3: எவ்வளவு கேட்கலாம் என்ற கணக்கு

மாவட்டத்தின் மொத்த வரி மதிப்புதான் அடிப்படை. 2,000 கோடி டாலர் வரி மதிப்புள்ள ஒரு யூனிஃபைடு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். லட்சத்துக்கு 60 டாலர் போட்டால் ஆண்டுக்கு 1.2 கோடி டாலர் வரும். 4 சதவீத வட்டியில் 30 ஆண்டுக்குச் சமத் தவணையாகக் கட்டினால், அந்த வருமானம் சுமார் 20.7 கோடி டாலர் கடனைத் தாங்கும். இதே எண்ணிக்கையில் பிள்ளைகள் படிக்கும் இன்னொரு மாவட்டத்தில் பெரிய நிறுவனங்களோ விலையுயர்ந்த வீடுகளோ இல்லாமல் வரி மதிப்பு 200 கோடியாக இருந்தால், அதே விகித வரியைக் கட்டி அவர்கள் வாங்க முடிவது 2 கோடி சொச்சம். மக்கள் தரும் பங்கு ஒன்றுதான், கிடைக்கும் பள்ளிக்கூடம் வேறு. இந்த ஏற்பாட்டின் பெரிய அநியாயம் இது. இதைச் சரிசெய்ய மாநிலம் செய்வது போதாது என்றே நினைக்கிறேன்.

வட்டியையும் சொல்லிவிட வேண்டும். 10 கோடி டாலர் கடன், 4 சதவீதம், 30 ஆண்டு என்றால் திருப்பிக் கட்டுவது மொத்தம் சுமார் 17.35 கோடி. வீட்டுக் கடன் கட்டுகிற யாருக்கும் இது புரியும்.

வீட்டுக்கு எவ்வளவு? உங்கள் வீட்டின் சந்தை விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், பில்லில் உள்ள வரி மதிப்பை எடுங்கள். அண்மையில் வாங்கிய உங்கள் வீட்டின் வரி மதிப்பு 12 லட்சம் டாலர் என்றால், 60 டாலர் விகிதத்தில் ஆண்டுக்கு 720 டாலர். அதே தெருவில் நாற்பது ஆண்டுக்கு முன் வாங்கியவரின் வரி மதிப்பு 2 லட்சமாக இருக்கலாம். அவர் கட்டுவது 120. நிலையான ஓய்வூதியத்தில் இருக்கும் அந்தப் பெரியவரிடம் வாசலில் நின்று பேசும்போது இந்தக் கணக்கு உதவும். அவர் செய்தித்தாளில் படித்த பெரிய தொகையை நினைத்துப் பயந்திருப்பார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2011இல் சான் டியேகோ பக்கம் உள்ள பவே யூனிஃபைடு மாவட்டம் 10.5 கோடி டாலர் கடனை, முதல் இருபது ஆண்டுக்கு ஒன்றும் கட்டாமல் வட்டி மேல் வட்டி சேரும் வகைப் பத்திரமாக வாங்கியது. திருப்பிக் கட்ட வேண்டிய மொத்தம் சுமார் 98 கோடி. நாடு முழுக்கப் பேசப்பட்ட அந்த விவகாரத்துக்குப் பின் 2013இல் சட்டம் வந்தது: அசலைப் போல் நான்கு மடங்குக்கு மேல் திருப்பிக் கட்டும் பத்திரம் கூடாது, அந்த வகைக்கு 25 ஆண்டுதான் உச்சம். இன்றும் நிதி ஆலோசகர் வரிசையாகப் படங்கள் போடும்போது கேட்க வேண்டிய கேள்வி அதேதான்: மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டுவோம், தவணை எப்போது தொடங்கும்?

படி 4: பட்டியலும் 75 சொற்களும்

வாக்குச் சீட்டில் பத்திரத்தைப் பற்றி அச்சாகும் கேள்வி 75 சொற்களுக்குள் அடங்க வேண்டும். கடன் தொகை, ஆண்டுக்குத் திரட்டப்படும் பணம், வரி விகிதம், எத்தனை ஆண்டு என்பவற்றையும் அதற்குள்ளேயே சொல்லியாக வேண்டும். மீதி இருக்கும் சில சொற்களில்தான் கூரை, குழாய், பாதுகாப்பு, வகுப்பறை. ஒவ்வொரு சொல்லையும் கருத்துக்கணிப்பு வைத்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஆகவே அதை மட்டும் படித்து முடிவெடுக்காதீர்கள்.

சட்டப்படி கட்டுப்படுத்துவது முழுத் தீர்மானத்தில் இருக்கும் வேலைப் பட்டியல். வாக்காளர் கையேட்டின் பின்பக்கங்களில் சிறிய எழுத்தில் இருக்கும். அதில் இரண்டு வகை வாக்கியங்களைப் பார்ப்பீர்கள். "எல்லாப் பள்ளிகளிலும் வகுப்பறைகளைப் பழுதுபார்த்தல், மேம்படுத்துதல், நவீனமாக்குதல்" என்பது ஒரு வகை. எதைச் செய்தாலும் அதற்குள் அடங்கிவிடும், எதைச் செய்யாவிட்டாலும் கேட்க முடியாது. இன்ன நடுநிலைப்பள்ளியில் இத்தனை போர்ட்டபிள்களை அகற்றி நிரந்தரக் கட்டடம் கட்டுதல் என்பது இன்னொரு வகை. மாவட்டத்தின் வழக்கறிஞர்கள் முதல் வகையை விரும்புவார்கள். விலைவாசி மாறும், அவசரம் வரும், கை கட்டப்படக் கூடாது என்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் பள்ளிவாரியாகப் பெயர் சொல்லி, முதன்மை வேலை எது, பணம் மிஞ்சினால் செய்வது எது என்று பிரித்து எழுதக் கேளுங்கள். முப்பது ஆண்டு கடன் கேட்கிறவர் இந்த அளவு சொல்வது நியாயம்.

சாதனங்கள் வாங்கலாமா? சட்டம் தளவாடங்களை அனுமதிக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 2013இல் பத்திரப் பணத்தில் மாணவர்களுக்கு ஐபேடு வாங்கத் தொடங்கி, பெரும் சர்ச்சைக்குப் பின் 2014இல் அந்த ஒப்பந்தத்தை நிறுத்தியது. சில ஆண்டுகளில் பழசாகும் பொருளுக்கு நீண்டகாலக் கடன் கூடாது. வாங்கியே ஆக வேண்டும் என்றால் அந்தப் பகுதியை மட்டும் குறுகிய காலப் பத்திரமாக வெளியிடலாம்.

படி 5: வாரியத் தீர்மானம்

ப்ராப் 39 வழியில் போக, பள்ளி வாரிய உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். தீர்மானம் தேர்தலுக்கு 88 நாளுக்கு முன் கவுண்ட்டித் தேர்தல் அலுவலகத்தைச் சேர வேண்டும். நவம்பர் தேர்தல் என்றால் ஆகஸ்ட் முற்பாதியிலேயே கெடு முடிந்துவிடும். விடுமுறையில் ஊருக்குப் போயிருக்கும் நேரத்தில் இது நடந்து முடிந்துவிடும் என்பதால் ஜூன் கூட்டங்களையே குறிவையுங்கள். நினைத்த நாளில் தனித் தேர்தல் வைக்கவும் முடியாது, முறையான தேர்தல் நாளோடு சேர்த்துத்தான். நவம்பரில் கூடுதலான பேர், இளையவர்கள் உட்பட, வாக்களிப்பதால் பலரும் அதையே விரும்புகிறார்கள். 2020 மார்ச்சில் மாநிலத்தின் 1,500 கோடி டாலர் பள்ளிப் பத்திரமே தோற்றது.

படி 6: பிரசாரம், யார் எதைச் செய்யலாம்

மாவட்டம் தன் பணத்தில் தகவல் தரலாம், ஓட்டுக் கேட்கக் கூடாது. 1976இல் மாநில உச்ச நீதிமன்றம் ஸ்டான்சன் வழக்கில் வகுத்த கோடு இது. பள்ளி மின்னஞ்சலில் "ஆதரித்து வாக்களியுங்கள்" என்று அனுப்புவது தவறு. வேலை நேரத்தில் ஆசிரியரோ முதல்வரோ பிரசாரம் செய்வதும் தவறு. வேலை முடிந்தபின், சொந்த நேரத்தில், சொந்தச் செலவில் அவர்கள் செய்யலாம்.

ஆகவே ஓட்டுக் கேட்கும் வேலை பெற்றோர் அமைக்கும் தனிக் குழுவுடையது. ஓராண்டில் 2,000 டாலர் திரட்டியதும் அந்தக் குழு மாநிலத்தில் பதிவு செய்ய வேண்டும், வரவு செலவை அறிக்கையாகத் தர வேண்டும். யார் பணம் தருகிறார்கள் என்று பாருங்கள். பத்திரத்தை விற்கும் நிதி நிறுவனங்களும் கட்டுமான நிறுவனங்களும் முன்வரும். பிரசார உதவிக்குக் கைம்மாறாகப் பத்திர வேலையை ஒரு நிறுவனத்துக்குத் தரும் ஏற்பாடு சட்டவிரோதம் என்று மாநில அட்டர்னி ஜெனரல் 2016இல் கருத்துரை தந்திருக்கிறார். பிள்ளைகளின் பெற்றோர் கொடுக்கும் ஐம்பது, நூறு டாலர்களில் நடக்கும் பிரசாரம் மெதுவாக நடந்தாலும் நல்லது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் நன்கொடை தரலாம். எச்-1பி விசாவில் இருப்பவர் இத்தகைய வாக்கெடுப்புப் பிரசாரத்துக்குப் பணம் தரக்கூடாது, கலிஃபோர்னியச் சட்டம் தடுக்கிறது. தமிழ்ச் சங்க வாட்ஸப் குழுவில் நன்கொடை இணைப்பு சுற்றும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள், ஒருவருக்கும் சிக்கல் வரக்கூடாது. ஆனால் வாரியக் கூட்டத்தில் எழுந்து பேச எந்த விசாவும் தடையில்லை. பொதுமக்கள் கருத்து நேரத்தில் கிடைக்கும் இரண்டு மூன்று நிமிடத்தில், உங்கள் பிள்ளையின் வகுப்பறையில் என்ன பழுது என்று சொன்னால் பதிவாகும்.

வாசல் வாசலாகப் போகும்போது எதிர்ப்பவரைப் பிள்ளைகளுக்கு எதிரி என்று எண்ணிவிடாதீர்கள். போன பத்திரத்தில் சொன்ன உடற்பயிற்சிக் கூடம் வரவேயில்லை என்று ஒருவர் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். குறித்துக்கொண்டு வாருங்கள், மாவட்டத்திடம் பதில் வாங்கி மீண்டும் போய்ச் சொல்லுங்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்களையும் விடாதீர்கள். பில் வீட்டுக்காரருக்கு வந்தாலும் வாக்கு அவர்களுக்கும் உண்டு, பள்ளியில் படிப்பதும் அவர்கள் பிள்ளைகள்.

படி 7: வென்றபின் பத்திர வெளியீடு

55 சதவீதம் கிடைத்துவிட்டால் மறுநாளே பணம் வந்துவிடாது. மொத்தத் தொகையையும் ஒரே தடவையில் வெளியிடவும் மாட்டார்கள். 'ஏ' தொடர், 'பி' தொடர் என்று சில ஆண்டு இடைவெளியில் வெளியிடுவார்கள். வரிவிலக்குப் பத்திரத்தின் பணத்தில் பெரும்பகுதியை மூன்று ஆண்டுக்குள் செலவழிக்கும் நியாயமான எதிர்பார்ப்பு வேண்டும் என்பது மத்திய வரித்துறையின் விதி. மூடீஸ், எஸ் அண்ட் பி போன்ற நிறுவனங்கள் மாவட்டத்துக்குத் தரமதிப்பீடு தரும். அது உயர்ந்தால் வட்டி இறங்கும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதிகாரபூர்வ அறிக்கை ஒன்று தயாராகும். எம்மா என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம். முழுவதையும் படிக்க வேண்டாம், ஆண்டுவாரியாகத் திருப்பிக் கட்டும் அட்டவணை உள்ள பக்கத்தைத் தேடுங்கள்.

படி 8: மாநிலத்தின் பங்கு

உள்ளூர்ப் பணம் இருந்தால் மாநிலமும் சேர்த்துக் கொடுக்கும். 1998இல் தொடங்கிய திட்டத்தின்படி புதுக் கட்டடத்துக்குப் பாதியும் புதுப்பிப்புக்கு 60 சதவீதமும் மாநிலப் பங்கு. 2024 நவம்பரில் வென்ற ப்ராப் 2, 1,000 கோடி டாலர் மாநிலப் பத்திரம். அதில் 850 கோடி பள்ளிகளுக்கு, 150 கோடி சமுதாயக் கல்லூரிகளுக்கு. வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மாநிலப் பங்கை ஐந்து சதவீதப் புள்ளி வரை கூட்டித் தரவும் அதில் இடமுண்டு. அவ்வளவுதான். விண்ணப்பத்தை முந்தித் தருபவருக்கே முன்னுரிமை என்பதால், வரைபடம் தயாராக வைத்திருக்கும் பெரிய மாவட்டங்கள் வரிசையில் முன்னே நிற்கின்றன. உங்கள் மாவட்டம் விண்ணப்பித்துவிட்டதா, வரிசையில் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு காலாண்டும் கேளுங்கள். பெரிய நகரங்களின் அளவைக் கற்பனை செய்துகொள்ள ஒரு செய்தி: அதே தேர்தலில் லாஸ் ஏஞ்சலஸ் யூனிஃபைடு மட்டும் 900 கோடி டாலர் உள்ளூர்ப் பத்திரத்துக்கு ஒப்புதல் பெற்றது.

படி 9: கட்டுமானம்

1933 மார்ச் 10 மாலை, பிள்ளைகள் வீடு திரும்பியபின், லாங் பீச் நிலநடுக்கம் வந்தது. 70 பள்ளிக் கட்டடங்கள் அழிந்தன. சில மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற அச்சத்தில் ஒரே மாதத்தில் ஃபீல்டு சட்டம் பிறந்தது. இன்றும் பொதுப்பள்ளிக் கட்டடத்தின் வரைபடத்தை மாநிலக் கட்டடக் கலைஞர் பிரிவு, அதாவது டி.எஸ்.ஏ., பார்த்து ஒப்புதல் தர வேண்டும். கட்டும் இடத்தில் தனி ஆய்வாளர் கூடவே இருக்க வேண்டும். பள்ளிக் கட்டடம் அருகிலுள்ள அலுவலகக் கட்டடத்தைவிடக் கூடுதல் செலவாவதற்கு இது ஒரு காரணம். இந்தச் செலவை நான் குறைகூற மாட்டேன்.

ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வரும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள். ஒரு கட்டடத்தைக் குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் புதுப்பித்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான பாதை, கதவு, கழிப்பறை ஆகியவற்றையும் சரிசெய்ய வேண்டிவரும். முதல் மதிப்பீட்டில் இது விடுபட்டால் பட்டியலின் கடைசிப் பள்ளிகளுக்குப் பணம் இருக்காது. வேலை நடுவில் வரும் மாற்ற ஆணைகள், சேஞ்ச் ஆர்டர் என்பவை, கவனமாகப் பார்க்க வேண்டியவை. போட்டி டெண்டரில் தந்த ஒப்பந்தத்துக்கு மூல விலையில் 10 சதவீதம் என்ற வரம்பு சட்டத்தில் இருக்கிறது. வேலை முடிந்ததும் டி.எஸ்.ஏ. சான்று வாங்கினார்களா என்று கேளுங்கள். சான்றில்லாமல் விட்ட பழைய வேலை, அதே கட்டடத்தில் அடுத்த வேலைக்கு ஒப்புதல் கேட்கும்போது வழிமறிக்கும்.

படி 10: மேற்பார்வைக் குழு

இதில் ஓர் இடத்துக்கு விண்ணப்பியுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்கிறேன். தேர்தல் முடிவை வாரியம் பதிவுசெய்த 60 நாளுக்குள் குழு அமைக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர்: தொழில் அமைப்பிலிருந்து ஒருவர், மூத்த குடிமக்கள் அமைப்பிலிருந்து ஒருவர், வரி செலுத்துவோர் சங்கத்திலிருந்து ஒருவர், மாணவரின் பெற்றோர் ஒருவர், பி.டி.ஏ. போன்ற அமைப்பில் இயங்கும் பெற்றோர் ஒருவர், மீதிப்பேர் பொதுவில் இருந்து. மாவட்ட ஊழியர், அதிகாரி, மாவட்டத்தோடு வியாபாரம் செய்பவர் யாரும் இருக்கக் கூடாது. பதவிக்காலம் இரண்டு ஆண்டு, தொடர்ந்து மூன்று முறை வரை. சம்பளம் கிடையாது. பல ஊர்களில் இடங்கள் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன.

குழுவுக்கு எந்த வேலையைச் செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. செலவைப் பார்ப்பது, மக்களுக்கு அறிக்கை தருவது அதன் கடமை. இது சின்னக் கடமைபோலத் தோன்றும். ஆனால் நம்மூர்க் கணக்காளர்களும் ப்ராஜெக்ட் மேனேஜர்களும் அலுவலகத்தில் நாள் முழுக்கச் செய்வதே பட்ஜெட்டையும் நிஜச் செலவையும் ஒப்பிடும் வேலைதானே. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரியில் நான்கு எண்கள் கேளுங்கள்: தேர்தலின்போது சொன்ன மதிப்பீடு, ஒப்பந்த விலை, இதுவரை செலவு, முடிக்க இன்னும் தேவை. இந்த நான்கும் வரிசையாக ஒரே தாளில் வராத குழுக்கூட்டத்தில் புகைப்படங்கள் நிறைய இருக்கும். குத்துவிளக்கு ஏற்றாத குறையாகத் திறப்பு விழா விவரம் வரும். விடாமல் தாளைக் கேளுங்கள்.

இரண்டு தணிக்கை அறிக்கைகளும் மார்ச் 31க்குள் குழுவுக்கு வர வேண்டும். செயல்பாட்டுத் தணிக்கையில் தணிக்கையாளர் எத்தனை பில்களைச் சோதித்தார், அவற்றில் நிர்வாக ஊழியர் சம்பளம் ஏதேனும் பத்திரக் கணக்கில் எழுதப்பட்டதா என்று பாருங்கள். கட்டுமான வேலையை நேரடியாக நிர்வகிப்பவரின் நேரத்தை எழுதலாம், அன்றாட நிர்வாகத்தை எழுதக் கூடாது. இந்தக் கோடு அடிக்கடி மங்கும். பட்டியலில் இல்லாத செலவைத் தடுக்க வரி செலுத்தும் குடிமகன் நீதிமன்றம் போகவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் குழுக் கூட்டத்தில் எழுத்தில் கேட்ட ஒரு கேள்விக்கே பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். குழுவின் கூட்டம் பொதுக் கூட்டம், 72 மணி நேரம் முன் நிகழ்ச்சி நிரல் ஒட்ட வேண்டும். நீங்கள் உறுப்பினராக இல்லாவிட்டாலும் போய் உட்காரலாம்.

கடைசியாக ஒன்று, இது பத்தாண்டு கழித்து வரும். வட்டி இறங்கிய காலத்தில் மாவட்டம் பழைய பத்திரத்தை அடைத்துக் குறைந்த வட்டியில் புதிதாக வெளியிடும், வீட்டுக் கடனை ரீஃபைனான்ஸ் செய்வதுபோல. அந்த மிச்சம் வரி செலுத்துவோருக்குச் சேர வேண்டும், மாவட்டம் கூடுதல் செலவுப் பணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தீர்மானம் வாரியத்தின் நிகழ்ச்சி நிரலில் விவாதமின்றி நிறைவேறும் தொகுப்பில் ஒரு வரியாக வரும். உங்கள் பிள்ளை அப்போது கல்லூரிக்குப் போயிருக்கலாம். அந்த வரியைத் தனியே எடுத்து விவாதிக்கச் சொல்லி, எவ்வளவு மிச்சம், எந்த ஆண்டு பில்லில் அது தெரியும் என்று கேளுங்கள்.